அறுபத்தைந்து ஃபாரம்

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்றுதான் பயம். முன்னால் நடந்தது பின்னால் வந்துவிடும், பின்னால் நடந்தது முன்னால் போய்விடும், கேட்கிறவர் இவள் புளுகுகிறாள் என்று நினைத்துக்கொள்வார். எனக்கு அந்த வியாதி உண்டு. அதுவும் இந்த விஷயத்தில் வரிசை மாறினால் எல்லாம் போயிற்று, ஏனென்றால் விஷயமே வரிசை மாறினதுதான். அதனால் எங்கேயாவது குழம்பினால் நிறுத்திக் கேட்டுவிடுங்கள் அம்மா. கோபித்துக்கொள்ள மாட்டேன். நான் அதிகம் பேசுகிறவளும் இல்லை.

உங்களுக்குக் கண்ணில் சொட்டு விட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று? எனக்கு இப்போதுதான் இரண்டாவது தடவை விட்டார்கள். முக்கால் மணி நேரம் கண்ணைத் திறக்கக் கூடாது என்றாள் அந்த நர்ஸ் பெண். திறந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஒன்றும் ஆகாது, ஆனால் திறக்காதீங்க என்றாள். இப்படிப் பாதி சொல்லிவிட்டுப் போகிறவர்களால்தான் எனக்குப் பாதி வியாதி.

நீங்கள் நகர்ந்து உட்கார்ந்தபோது மடியிலிருந்த புத்தகம் என் முழங்கையில் இடித்தது. மன்னிக்க வேண்டும், தொட்டுப் பார்த்துவிட்டேன். காலிகோ துணி ஒட்டின முதுகு. செங்கல் கனம். ஆயிரத்து நாற்பது பக்கம். 'ஓயாமை'தானே? அகநீலன் என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் எழுதினது. கண்ணை மூடிக்கொண்டே எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? தைத்தவளுக்குத் தெரியாதா. ராயப்பேட்டையில் ஒரு பைண்டிங் கடையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை செய்கிறேன். பெயர் ஜெயக்கொடி.

அடையாள நூல் எந்த இடத்தில் இருக்கிறது என்றும் தடவிப் பார்த்தேன். மூன்றாவது ஃபாரத்தைக்கூட நீங்கள் தாண்டவில்லை. வெட்கப்பட வேண்டாம். அதைத் தாண்டினவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். கல்லூரியில் பாடமாக வைத்திருக்கிறார்களா? நீங்கள் நடத்துகிறவரா? சரிதான். படிக்கிற பிள்ளைகள்தான் பாவம் என்று நினைத்தேன்.

ஃபாரம் என்றால் பதினாறு பக்கம். பெரிய தாளில் அச்சாகி வரும், நாங்கள் மடித்தால் பதினாறாகும். ஒரே ஃபாரமாக முந்நூறு மடித்து ஒரு கட்டு. இந்தப் புத்தகத்துக்கு அறுபத்தைந்து கட்டு. கட்டுகளை நீள மேசையில் வரிசையாக வைத்துவிட்டு, ஒன்றில் ஒன்று ஒன்றில் ஒன்று என்று எடுத்துக்கொண்டே நடந்தால், மேசை முடிகிற இடத்தில் ஒரு புத்தகம் கையில் இருக்கும். எழுதுகிறவர்களுக்கு எப்படி வருகிறதோ தெரியாது, எங்களுக்குப் புத்தகம் நடந்தால்தான் வரும்.

வரிசை எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டும் நீங்கள். பக்க எண் இருக்கும். அது போதாதென்று ஃபாரத்தின் முதல் பக்கத்து அடியில் பொடி எழுத்தில் ஒரு எண்ணும் இருக்கும். இந்தப் புத்தகத்தில் இரண்டும் இல்லை. அந்தப் பெரியவரே வேட்டியும் ஜிப்பாவுமாகக் கடைக்கு வந்து அதைச் சொல்லிவிட்டுப் போனார். ஏதோ ஆபீஸில் பெரிய நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் முதலாளி மோகனரங்கம் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பக்க எண் எங்க சார்? அச்சுல விட்டுப்போச்சா?" என்றார்.

"விடலை. வேண்டாம்னு நான்தான் சொன்னேன். மனசுக்குப் பக்க எண் உண்டா மோகனரங்கம்?"

"மனசை நாங்க தைக்கிறதில்லையே சார். ஃபாரத்தைத்தானே தைக்கிறோம்."

"முற்றுப்புள்ளியும் கிடையாது, கவனிச்சீங்களா? ஒரு மனுஷன் காலையில பல் தேய்க்க ஆரம்பிச்சு வாய் கொப்பளிக்கிற வரைக்கும் அவன் மனசுல ஓடுறதுதான் மொத்த நாவலும்."

முதலாளி கட்டுகளைப் பார்த்தார். அறுபத்தைந்து கட்டு. "நல்லா தேய்ச்சிருக்கார் சார்" என்றார்.

எனக்குப் பக்கத்து மேசையில் தைக்கிற நவநீதம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எண் இல்லாமல் எடுப்பது எப்படி என்றுதான் யோசனை ஓடியது. அச்சகத்தில் ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு துண்டுச் சீட்டில் ஜெல் பேனாவால் எண் எழுதிக் கயிற்றுக்கு அடியில் செருகி அனுப்பியிருந்தார்கள். அறுபத்தைந்து கட்டு, அறுபத்தைந்து சீட்டு. வேறு ஆதாரம் கிடையாது.

நான் பயந்தாங்கொள்ளி என்று நவநீதம் சொல்லுவாள். பயப்படாமல் என்ன செய்வது? அதற்கு முந்தின வருஷம் சரசு என்று ஒருத்தி, பத்தாம் வகுப்பு கணக்கு கைடில் ஒரு ஃபாரத்தை விட்டுவிட்டாள். பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது பள்ளிக்கூடத்துக்காரர்கள் மூட்டையோடு வந்து நின்றார்கள். முதலாளி சரசுவைத் திட்டவே இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு போம்மா என்று மட்டும் சொன்னார். பதினாலு வருஷ வேலை, அந்த ஒரு வார்த்தையோடு முடிந்தது. அவள் இப்போது கல்யாண மண்டபத்தில் இலை எடுக்கிறாள். எனக்கு வயது நாற்பத்தொன்பது, ஏழாவதோடு படிப்பை நிறுத்தினவள், அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி வீட்டில். எனக்கு இலை எடுக்க இடுப்பு வளையாது.

இனிமேல்தான் நான் கவனமாகச் சொல்ல வேண்டும்.

ஆயுத பூஜை வந்தது. கடையைக் கழுவ வேண்டும் என்று எல்லாக் கட்டையும் தூக்கினோம். கழுவினபிறகு சரஸ்வதி படத்துக்கு முன்னால் கையில் இருக்கிற வேலையையெல்லாம் அடுக்குவது எங்கள் கடையில் வழக்கம். கத்திரி மிஷினுக்கு மாலை, பசை வாளிக்குக்கூடப் பொட்டு. அகநீலன் கட்டுகளையும் அடுக்கினோம். முதலாளி வீட்டம்மா பன்னீர்ச் செம்பை என் கையில் கொடுத்து, எல்லாத்துக்கும் தெளிச்சிடு ஜெயக்கொடி என்றார். பெரிய இடத்துப் புத்தகம், நல்லபடியாக முடியவேண்டும் என்று இதற்குக் கொஞ்சம் தாராளமாகவே தெளித்தேன். அது என் தப்பா? பக்தி அதிகமானால் தப்பா?

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து வேலையைத் தொட வேண்டும். கட்டுகளை மேசைக்கு எடுத்து வைக்கும்போது பார்க்கிறேன், ஐந்து கட்டின் சீட்டில் எண் இல்லை. நீலமாக ஒரு கறை மட்டும் இருக்கிறது. ஜெல் மை பன்னீரில் கரைந்துபோய்விட்டது. மற்ற அறுபதையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். இருபத்திரண்டு இருக்கிறது, இருபத்தெட்டு இருக்கிறது, நடுவில் ஐந்து இல்லை.

கடையில் யாரும் கவனிக்கவில்லை. நவநீதம் பொரியும் கடலையும் தின்றுகொண்டிருந்தாள். நான் பதறவில்லை, முதலில். ஏனென்றால் இதற்கு ஒரு வழி உண்டு. ஒரு ஃபாரத்தின் கடைசி வரியையும் இன்னொன்றின் முதல் வரியையும் படித்தால் எது எதோடு சேரும் என்று தெரிந்துவிடும். சமையல் புத்தகமோ சட்டப் புத்தகமோ, ஏழாவது படித்தவளுக்கு அது போதும்.

படித்தேன். இருபத்திரண்டாவது ஃபாரம் இப்படி முடிகிறது: 'கதவு திறந்திருக்கிறது யாரும் வரவில்லை வந்திருந்தால்'. எண் இல்லாத ஒரு கட்டு இப்படி ஆரம்பிக்கிறது: 'நேற்றும் இப்படித்தான் மழை'. சேர்த்துப் பாருங்கள். வந்திருந்தால் நேற்றும் இப்படித்தான் மழை. சேருகிறது. இன்னொரு கட்டு: 'கத்திரிக்காய் என்ன விலை என்று அம்மா கேட்கிறாள்'. வந்திருந்தால் கத்திரிக்காய் என்ன விலை என்று அம்மா கேட்கிறாள். அதுவும் சேருகிறது. ஐந்து கட்டையும் மாற்றி மாற்றி வைத்தேன். எதோடு எதை வைத்தாலும் சேருகிறது அம்மா. நல்ல மாப்பிள்ளை மாதிரி எங்கே உட்காரச் சொன்னாலும் உட்காருகிறது. நூற்றிருபது விதமாக அடுக்கலாம் என்று என் பெண் பிறகு கணக்குப் போட்டுச் சொன்னாள். நூற்றிருபதும் சேரும் என்று நான் எழுதித் தருவேன்.

அச்சகத்துக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் முதலாளிக்குத் தெரியும். தெரிந்தால் செருப்பைப் போட்டுக்கொண்டு போம்மா. கண்ணை மூடி, சரஸ்வதியை நினைத்து, ஐந்தையும் ஒரு வரிசையில் வைத்தேன். அவளுக்குத் தெளித்த பன்னீர்தானே, அவளே பொறுப்பு. முந்நூறு பிரதியும் அந்த வரிசையில் எடுத்து, தைத்து, முதுகு ஒட்டி, வெட்டி அனுப்பியாயிற்று.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. தெருவில் ஜிப்பா போட்ட ஆள் யார் வந்தாலும் மேசைக்கு அடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொள்வேன்.

டிசம்பரில் வெளியீட்டு விழா வைத்தார்கள். நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்று கடையில் வேலை செய்கிற பெண்கள் எல்லோரையும் முதலாளி அழைத்துப்போனார். எனக்குக் கழுமரத்துக்குப் போகிற மாதிரி இருந்தது. மேடையில் மூன்று பேர். முதல் ஆள் தான் டில்லியில் வேலை பார்த்ததைப் பற்றிப் பேசினார். இரண்டாவது ஆள் அட்டைப் படத்தில் இருக்கிற வட்டத்தைப் பற்றி முப்பது நிமிஷம் பேசினார். அந்த வட்டம் டீ கிளாஸ் வைத்த கறை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது ஆள்தான் பெரிய விமர்சகராம். அவர் எழுந்து, இது படிக்கிற நாவல் இல்லை, உணர்கிற நாவல் என்றார். படிக்கவில்லை என்பதை இவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

எல்லோரும் காபிக்கு எழுந்து போனபோது அவர் தன் பிரதியை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். நான் எடுத்துக் காதருகே வைத்துப் புரட்டினேன். புதுப் புத்தகத்தில் கத்தி வெட்டின ஓரம் ஒன்றோடொன்று லேசாக ஒட்டியிருக்கும், முதல் தடவை பிரிக்கும்போது சின்னதாக ஒரு சத்தம் வரும். பிரித்த பக்கத்தில் வராது. அவர் பிரதி இரண்டாவது ஃபாரம் வரைக்கும் ஊமை. அதற்குப் பிறகு கடைசி வரைக்கும் சடசடவென்று பேசியது.

அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும் இல்லையா? எனக்கு அப்படி இருக்கவில்லை. இவர் படிக்கவில்லை, இன்னொருவர் படிப்பாரே. எந்த ஊரிலோ ஒரு ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருப்பாரே. அவர் கேட்கும்போது என்ன பதில் சொல்வது? முதலில் தப்பா சரியா என்றாவது எனக்குத் தெரிய வேண்டாமா? கத்தி சாய்ந்து விளிம்பு கோணலாகிப்போன பிரதி ஒன்று எடைக்குப் போடக் கிடந்தது. முதலாளியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

அப்படித்தான் படிக்க ஆரம்பித்தேன். ஆசையில் இல்லை. திருடன் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் டீ குடிக்கிற மாதிரி.

ஐயோ, அந்தப் புத்தகம். நீங்கள் மூன்றாவது ஃபாரத்திலேயே இருங்கள், அதுதான் உங்களுக்கு நல்லது. பல்பொடியைக் கையில் கொட்டுவதற்கே ஒன்றரை ஃபாரம். பல்பொடி ரோஸ் நிறமாக இருக்கிறது, ரோஸ் என்றதும் சித்தியின் புடவை, புடவை என்றதும் கொடி, கொடி என்றதும் காக்கா, காக்கா என்றதும் திவசம். எங்கே மூச்சு விடுவது என்று தெரியாது. நான் பஸ்ஸில் உட்கார்ந்து படிக்கும்போது நிறுத்தத்துக்கு நிறுத்தம் மூச்சு விட்டுக்கொள்வேன். டிரைவர்தான் எனக்கு முற்றுப்புள்ளி.

என் பெண் யாழினிக்கு நான் தமாஷாகிப்போனேன். "அம்மா, மார்ச்சில எனக்குப் பரீட்சை, உனக்கு எப்போ?" என்பாள். ஒருநாள் என் கையிலிருந்து பிடுங்கி அரைப் பக்கம் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இவருக்கு உடம்பு ஏதாச்சும் சரியில்லையாம்மா?"

மத்தியானச் சோற்று நேரத்தில் படித்தால் நவநீதம் விடமாட்டாள். "இன்னாடி, எங்க இருக்கான் உன் ஆளு? வாய் கொப்பளிச்சானா இல்லையா?"

"இன்னும் கீழ்வரிசைக்கே வரலைக்கா."

"எதுக்குடி இந்தத் தலையெழுத்து?"

"இல்லக்கா, அதுல ஒரு அம்மா வராங்க. அவங்க செத்தாங்களா இல்லையான்னு பார்க்கணும். செத்துதான் போயிருக்காங்க, ஆனா எப்போன்னு தெரியலை, ஏன்னா முன்னாடி ஒரு இடத்துல பூ கட்டுறாங்க, அது செத்த பிறகா இருந்தாலும் இருக்கும், அதுக்கு முன்னாடி இவருக்கு மீசை முளைச்சிருக்கு, ஆனா மறுபடி பள்ளிக்கூடத்துல..."

"போதும்டி. அவருக்கும் முற்றுப்புள்ளி இல்ல, உனக்கும் இல்ல. நல்லாதான் சேர்ந்தீங்க" என்று எழுந்து போய்விட்டாள். அவளுக்கு நீளமாக எதையும் கேட்கப் பொறுமை கிடையாது.

அந்த அம்மாதான் விஷயம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி ஃபாரம் ஃபாரமாக எழுதிக்கொண்டு வந்தேன். பத்தாவது: அம்மா இருக்கிறாள். பதினாறாவது: செத்துப் பல வருஷம் ஆயிற்று. பத்தொன்பதாவது: அம்மாவுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. இந்த மூன்றும் எண் இருந்த ஃபாரங்கள், என் தப்பு இல்லை. பிறகு என் ஐந்துக்கு வந்தேன். நான் வைத்த வரிசையில், இருபத்தைந்தாவதில் அம்மா சாகிறாள். குளிப்பாட்டுகிறார்கள், நெற்றியில் காசு வைக்கிறார்கள், மகன் மூலையில் நின்று அவள் கால் விரலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். பதினாறு பக்கம் அந்தக் கால் விரல்தான். அடுத்த ஃபாரம் ஆரம்பிக்கும்போது அம்மா எழுந்து சந்தையில் நிற்கிறாள். கத்திரிக்காய் என்ன விலை என்று கேட்கிறாள். காம்பைக் கிள்ளிப் பார்க்கிறாள், விலை அதிகம் என்கிறாள், போகிற மாதிரி போய்த் திரும்பி வருகிறாள். கூட வந்த மகனிடம் பையைக் கொடுத்து, கனமா இருக்கா கண்ணு என்று கேட்கிறாள்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் குழம்பு தீய்ந்துபோயிற்று. அது அந்த அடுப்பின் கோளாறு, தீ ஒரு பக்கமாகத்தான் எரியும்.

செத்தவள் சந்தைக்குப் போகிறாள் என்றால் வரிசை தப்புதானே என்று ஒரு மனசு. ஆனால் சரியான ஃபாரத்திலும் செத்தவள் வருகிறாளே, இதுவும் அப்படித்தானோ என்று இன்னொரு மனசு. இரண்டு மனசுக்கும் நடுவில் மேலே படித்துக்கொண்டே போனேன். ஜனவரி, பிப்ரவரி, பெண்ணின் பரீட்சை முடிந்தது, அக்கினி நட்சத்திரமும் முடிந்தது. நடுநடுவே அந்தக் கத்திரிக்காய் இடத்தை எடுத்துப் படித்துக்கொள்வேன். சரிபார்க்கத்தான். ஒரு ஏழெட்டுத் தடவை சரிபார்த்திருப்பேன்.

ஜூன் மாதம் ஐம்பத்தெட்டாவது ஃபாரத்தில் மாட்டிக்கொண்டேன். அந்த ஆள் ஒருவழியாக வாய் கொப்பளிக்கத் தண்ணீர் மொள்ளுகிறான். தண்ணீரைப் பார்த்ததும் ஏதேதோ நினைத்துக்கொண்டு போய், நடுவில் சாதாரணமாக ஒரு வரி வருகிறது: 'கத்திரிக்காய் வாங்கி வந்த மறுநாள்தானே அம்மா போனாள் பை ஆணியிலேயே தொங்கியது'.

அவ்வளவுதான். கத்திரிக்காய் முதலில், சாவு பிறகு. நான் திருப்பி வைத்திருக்கிறேன். முந்நூறு பிரதியிலும்.

படித்துத் தெரிந்துகொண்டதில் என்ன லாபம் சொல்லுங்கள். தெரியாதவரைக்கும் சந்தேகம், தெரிந்தபிறகு குற்றம். இருந்தாலும் நான் அமைதியாக இருந்துவிடுவது என்றுதான் முடிவு செய்தேன். ஐம்பத்தெட்டு வரைக்கும் யார் வரப்போகிறார்கள். அங்கே வருகிறவருக்கு இருபத்தாறு ஞாபகம் இருக்கவா போகிறது.

அந்த மாதமே பார்த்து அந்தப் புத்தகத்துக்கு ஏதோ ஒரு அறக்கட்டளை விருது கொடுத்துத் தொலைத்தது. உடனே கல்லூரியில் பாடம். உடனே இரண்டாம் பதிப்பு. முதலாளி லட்டு கொடுத்தார். நான் அதைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டேன். ஏன் என்று பாருங்கள். இந்தத் தடவை அச்சகத்திலிருந்து சீட்டு சரியாக வரும், வரிசை சரியாக அமையும். முதல் பதிப்பில் அம்மா செத்துவிட்டுச் சந்தைக்குப் போவாள், இரண்டாம் பதிப்பில் சந்தைக்குப் போய்விட்டுச் சாவாள். வகுப்பில் இரண்டு பிள்ளைகள் இரண்டு பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும்? சரியாகச் செய்தால் பழைய தப்பு வெளியே வரும். தப்பாகச் செய்தால் புதுத் தப்பு. இந்த மாதிரி ஒரு இக்கட்டில் ஆண்டவன் என்னை மட்டும்தான் நிறுத்துவான்.

மூன்று நாள் யோசித்தேன். எங்கள் தொழிலில் மாதிரிப் பிரதி என்று ஒன்று உண்டு. புத்தகத்துக்குச் சொந்தக்காரர் ஒரு பிரதியில் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் கடையில் அதைப் பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும். பிறகு யார் என்ன சொன்னாலும் கையெழுத்துதான் பேசும். சரசு அந்தக் கைடுக்கு அப்படி ஒன்று வாங்கி வைத்திருந்தால் இன்றைக்கு இலை எடுக்க மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை என் கோணல் பிரதியைப் பையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். முதலாளியிடம் சொல்லவில்லை. அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். புத்தகத்தைப் படித்துவிட்டேன், அய்யாவிடம் கையெழுத்து வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"முழுசாப் படிச்சீங்களா?"

"ஆமாம்மா."

"உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார். "உட்காருங்க. காபி தரேன். சர்க்கரை தூக்கலாப் போடுறேன்."

அவர் வந்தார். கடையில் பார்த்த கம்பீரம் வீட்டில் இல்லை, பனியன் போட்ட கிழவர். பையிலிருந்து என் பிரதியை எடுத்து வைத்தேன். மூலையெல்லாம் மடங்கி, அங்கங்கே புளிக்கறையும் மஞ்சளும் ஒட்டி, ஒரு பக்கத்தில் கறிவேப்பிலைகூட அப்படியே காய்ந்திருந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அந்தக் கறிவேப்பிலையை எடுத்துப் பார்த்துவிட்டு அது இருந்த பக்கத்திலேயே திரும்ப வைத்தார்.

"இது யார் படிச்சது?"

"நான்தான்யா. ரெண்டாம் பதிப்புக்கு மாதிரி வேணும். பக்க எண் இல்லாத புத்தகம், வரிசை மாறிடக் கூடாதில்லையா. ஒவ்வொரு ஃபாரத்துலயும் முதல் பக்கத்துல ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டீங்கன்னா நல்லது."

"அறுபத்தஞ்சு இடத்துலயா?"

"எனக்குப் பயம் ஜாஸ்திய்யா."

அவருக்கு ஒரே சந்தோஷம். "பாரு, எனக்கே தோணலை, பைண்டிங் பண்ற அம்மாவுக்கு எவ்வளவு அக்கறை" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். உள்ளேயிருந்து பாத்திரச் சத்தம்தான் வந்தது. பேனாவைத் திறந்தார். நான் ஃபாரம் ஃபாரமாகப் பிரித்துக் கொடுக்க, அவர் போட்டுக்கொண்டே வந்தார். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. கல்யாணப் பத்திரிகைக்கு முகவரி எழுதுகிற மாதிரி சரசரவென்று. இருபத்திரண்டு, இருபத்துமூன்று. இருபத்தைந்து, கையெழுத்து. இருபத்தாறைப் பிரித்தேன்.

பேனா நின்றுவிட்டது.

முதல் வரியில் கண் விழுந்துவிட்டது அவருக்கு. படித்தார். முந்தின பக்கத்தைத் திருப்பிப் படித்தார். மறுபடி இந்தப் பக்கம். எனக்குச் செருப்பை எங்கே கழற்றிவிட்டேன் என்பதுதான் ஞாபகம் வந்தது.

"இது இங்கேயா வருது?" என்றார்.

"நீங்க எழுதினதுய்யா. நான் ஏழாவதுதான் படிச்சிருக்கேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. சந்தை இடத்தை மொத்தமாகப் படித்தார், காம்பு கிள்ளுகிறது, போய்த் திரும்புகிறது, பை கனமா என்று கேட்கிறது, எல்லாம். காபி ஆறிப்போயிற்று. பிறகு, "ஆமாம். இங்கதான் வரணும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மற்றதைவிடக் கொஞ்சம் மெதுவாகப் போட்டார். பெரிய மனிதர்களுக்குத் தங்கள் தப்பென்றால் ஒத்துக்கொள்ள வராது, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அத்தோடு நான் எழுந்து வந்திருக்கலாம். ஆனால் ஐம்பத்தெட்டில் அந்த வரி உட்கார்ந்திருக்கிறதே. வரிசைக்குக் கையெழுத்து வாங்கிவிட்டு, அது தப்பு என்று சொல்கிற சாட்சியை உள்ளேயே விட்டுவைக்கிறதா? ஐம்பத்தெட்டு வந்ததும் விரலை அந்த வரியில் வைத்தேன்.

"அய்யா, இந்த ஒரு வரி வேணாம்."

"ஏன்?"

வரிசை, பன்னீர், சீட்டு எதையும் சொல்ல முடியாது. வேறு காரணம் தேட வேண்டியிருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"இதைப் படிச்சா அந்த அம்மா மறுபடியும் செத்துப்போறாங்கய்யா. அதான் பிழைச்சு வந்து கத்திரிக்காய் எல்லாம் வாங்கிட்டாங்களே."

பிழைப்புக்காகச் சொன்னேன் அம்மா, வேறு ஒன்றும் இல்லை. அவர் ஏன் அப்படிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரொம்ப நேரம் பனியன் ஓரத்தால் துடைத்தார் என்று எனக்குத் தெரியாது. தூசி இருந்திருக்கும். அவர் மனைவி வாசற்படியில் வந்து நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஸ்கேல் இருக்கிறதா என்று தேடி, இல்லாமல் வெறும் கையாலேயே அந்த வரியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் நேராக அடித்தார். அச்சகத்துக்கு நானே சொல்லிவிடுகிறேன் என்றார்.

நான் அடித்த இடத்துக்குப் பக்கத்திலும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டேன். தேதியும் போடச் சொன்னேன்.